ஆள் வருகிறது, போன் வரவில்லை: காசிமேட்டு இன்ஜின் உதிரிபாகக் கடைக்கு ஒரு பதில்

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டது இது. காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்குப் பக்கத்தில் உங்கள் அப்பா படகு இன்ஜின் உதிரிபாகக் கடை நடத்துகிறார். கடைக்கு ஓர் இணையதளம் போட்டு, அதைக் கவனிக்க ஓர் ஏஜென்சியை அமர்த்தினீர்கள். அவர்கள் 'இன்றைய காசிமேடு மீன் விலை', 'காசிமேடு மார்க்கெட் எத்தனை மணிக்குத் திறக்கும்' என்று வாரா வாரம் எழுதிப் போட்டார்கள். கூட்டம் வர ஆரம்பித்தது. ஆனால் வந்தவர்கள் சில நொடிகளில் போய்விடுகிறார்கள், கடைக்கு ஒரு போன்கூட வருவதில்லை. வருகிறவர்களை எப்படி நிறுத்திவைப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கு இதற்குள் இரண்டு கேள்விகள் தெரிகின்றன. வந்தவர் ஏன் நிற்கவில்லை என்பது ஒன்று. உங்கள் பொருள் யாருக்கு வேண்டுமோ அவர் தேடும்போது ஏன் உங்கள் கடை கண்ணில் படவில்லை என்பது மற்றொன்று. இரண்டாவதுக்கு விடை கிடைத்தால் முதலாவது பெரும்பாலும் தானாகத் தீர்ந்துவிடும்.

ராயபுரம், பழைய வண்ணாரப்பேட்டை, மின்ட் பக்கத்து வியாபாரிகளுக்கு இணையதள வேலை செய்வதுதான் பல வருடமாக என் தொழில். ஜவுளி, பைப், எடைத் தராசு, கப்பலுக்குச் சாமான் போடுபவர்கள் என்று பலதரப்பட்ட கடைகள். எல்லாரும் கேட்கும் முதல் கேள்வி உங்களுடையதுதான். ஞாயிற்றுக்கிழமை காலையில் வஞ்சிரம் வாங்க அம்பத்தூரிலிருந்து கிளம்ப நினைக்கும் ஒருவர், அன்றைய விலையைத் தேடுகிறார். உங்கள் பக்கம் வருகிறது, திறக்கிறார், விலையைப் பார்க்கிறார், மூடிவிடுகிறார். அவர் செய்ததில் என்ன தப்பு? அந்தப் பக்கத்தை எப்படி அலங்கரித்தாலும், எத்தனை வீடியோ ஓடவிட்டாலும் அவர் இன்ஜின் வாட்டர் பம்புக்குப் போடும் இம்பெல்லர் வாங்கப் போவதில்லை. அவரை நிறுத்திவைக்கச் செலவழிக்கும் ஒவ்வொரு ரூபாயும் வீண்.

அதனால் முதலில் செய்ய வேண்டியது, எந்தச் சொல்லைத் தேடி யார் வருகிறார்கள் என்று நீங்களே உட்கார்ந்து பார்ப்பது. இதற்குக் கூகுள் சர்ச் கன்சோல் போதும், இலவசம். ஏஜென்சி மாதக் கடைசியில் அனுப்பும் கலர் கலரான ரிப்போர்ட்டை நம்பிக்கொண்டிருக்காமல், கணக்கை உங்கள் பெயரில் வாங்கிக்கொள்ளுங்கள். பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் தேடிய சொற்கள் வரிசையாக வரும். ஒவ்வொன்றுக்கும் எத்தனை முறை உங்கள் பக்கம் தேடல் முடிவில் காட்டப்பட்டது, எத்தனை பேர் அழுத்தினார்கள், சராசரியாக எத்தனையாவது இடத்தில் நின்றது என்று இருக்கும். அந்தப் பட்டியலை இறக்கி, அப்பாவைப் பக்கத்தில் உட்காரவைத்து ஒவ்வொரு சொல்லாகப் படித்துக் காட்டுங்கள். 'இப்படிக் கேட்டு ஓர் ஆள் கடைக்கு வந்தால் பொருள் எடுத்துக் காட்டுவீர்களா?' என்று கேளுங்கள். ஆமாம் என்று அவர் சொல்லும் சொற்களைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். பட்டியலின் மேல் பாதி முழுக்க மீன் விலையாகத்தான் இருக்கும். ஆனால் ரொம்பக் கீழே, பத்து இருபது முறை மட்டுமே காட்டப்பட்ட இடத்தில், 'அவுட்போர்டு இன்ஜின் வாட்டர் பம்ப் கிட்', 'மரைன் இன்ஜின் கேஸ்கெட் சென்னை' மாதிரி சில சொற்கள் ஒளிந்திருக்கும். அந்தச் சில வரிகளில்தான் உங்கள் வியாபாரம் இருக்கிறது. ஒரு விஷயம் நினைவில் இருக்கட்டும்: மிகச் சிலர் மட்டுமே தேடும் சொற்களை, அவர்களின் அந்தரங்கம் கருதிக் கூகுள் பட்டியலில் காட்டுவதில்லை. சின்னக் கடைகளுக்கு இப்படி மறைந்துபோகும் பங்கு அதிகம். அதனால் பட்டியலில் இல்லாததை யாருமே தேடவில்லை என்று முடிவு கட்டிவிடக் கூடாது.

இனி அந்தச் 'சில நொடிகள்' கணக்குக்கு வருகிறேன். தளத்துக்கு வருகிறவர்களை எண்ணும் கூகுளின் பழைய அனலிடிக்ஸ் கருவி 2023 ஜூலையில் நிறுத்தப்பட்டு, இப்போது எல்லாரும் பயன்படுத்துவது கூகுள் அனலிடிக்ஸ் 4. வந்தவர் பத்து நொடிக்கு மேல் இருந்தாலோ, இரண்டு பக்கமாவது பார்த்தாலோ, நாம் முக்கியம் என்று குறித்துவைத்த ஒரு செயலைச் செய்தாலோ அவர் ஈடுபாட்டோடு வந்தவர் என்று அது கணக்கு வைக்கும். மற்றவர்கள் எல்லாம் பவுன்ஸ். உங்கள் பக்கத்தைத் திறந்து, எண்ணைப் பார்த்து, எட்டாவது நொடியில் போன் போட்ட ஒரு படகுக்காரரும் அந்தக் கணக்கில் வந்த வேகத்தில் போனவர்தான், போன் அழுத்துவதை நீங்கள் முக்கியச் செயலாகக் குறிக்காவிட்டால். அந்தக் கருவி போன் எண் அழுத்துவதைத் தானாக எண்ணாது, கூகுளின் டேக் மேனேஜர் என்ற துணைக் கருவி வழியாக நாம்தான் அமைக்க வேண்டும். வாட்ஸ்அப் பொத்தானையும் அதோடு சேர்த்துவிடுங்கள். அரை நாள் வேலை. இதைச் செய்த பிறகு பவுன்ஸ் சதவீதத்தைப் பார்ப்பதையே விட்டுவிட்டு, எந்தப் பக்கத்திலிருந்து எத்தனை அழைப்பு, எத்தனை வாட்ஸ்அப் என்று மட்டும் பாருங்கள். உதிரிபாகக் கடைக்கு வேறு எந்த எண்ணும் பெரிதாகப் பயன்படாது.

ஆள் சீக்கிரம் போய்விட்டால் கூகுளில் நம் இடம் இறங்குமா என்று கேட்டிருந்தீர்கள். இதில் உறுதியாகத் தெரிந்ததையும் ஊகத்தையும் பிரித்துச் சொல்கிறேன். உங்கள் அனலிடிக்ஸில் தெரியும் பவுன்ஸ் கணக்கை வைத்துத் தரவரிசை போடுவதில்லை என்று கூகுள் பல ஆண்டுகளாகச் சொல்லி வருகிறது. அதைச் சந்தேகிக்க எனக்குக் காரணம் இல்லை. பாதி இணையதளங்கள் அந்தக் கருவியைச் சரியாக அமைத்துக்கூட வைத்திருக்காது, அதை நம்பி அவர்கள் எதை முடிவு செய்வார்கள்? ஆனால் தேடல் முடிவில் மக்கள் எதை அழுத்துகிறார்கள் என்ற தகவலைக் கூகுள் பயன்படுத்துகிறது. 2023-இல் கூகுள் மீது அமெரிக்காவில் நடந்த ஏகபோக வழக்கில் அவர்கள் தரப்பு அதிகாரியே அந்தத் தகவலைப் பயன்படுத்தும் 'நேவ்பூஸ்ட்' என்ற அமைப்பைப் பற்றிச் சாட்சியம் சொன்னார். அதற்கு எவ்வளவு எடை என்பது வெளியில் இருக்கும் யாருக்கும் தெரியாது. 'டைம் ஆன் சைட்டை, அதாவது தளத்தில் ஆள் இருக்கும் நேரத்தை, ஏற்றினால் முதல் பக்கம்' என்று யாராவது கொட்டேஷன் கொடுத்தால் அது ஊகத்துக்குப் போட்ட விலை. என் நடைமுறை முடிவு எளிது: தேடியவர் தேடியதைக் கண்டு திருப்தியாகப் போனால் போதும், மற்றதைப் பற்றி நான் மெனக்கெடுவதில்லை.

அப்படியானால் அந்த மீன் விலைப் பக்கங்களை என்ன செய்வது? எடுத்துவிடுங்கள் என்பேன். தேதியை மட்டும் மாற்றிப் பழைய விலையையே திரும்பத் திரும்பப் போட்டிருக்கிறார்கள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அதை நம்பிப் பையை எடுத்துக்கொண்டு விடியற்காலையில் கிளம்பும் ஒருவருக்கு நாம் பொய்த் தகவல் தருகிறோம், அதுவும் அப்பா பெயரில் இருக்கும் கடையிலிருந்து. இந்த ஒரு காரணமே எனக்குப் போதும். தேடலுக்காக மட்டும் எழுதப்பட்ட, யாருக்கும் உதவாத பக்கங்கள் நிறைய இருந்தால் தளம் முழுவதையும் அது பாதிக்கலாம் என்று கூகுள் 2022 ஆகஸ்டிலேயே அறிவித்து, 2024 மார்ச்சில் அந்தக் கணிப்பைத் தன் மையத் தரவரிசை முறையிலேயே சேர்த்துவிட்டது. உங்கள் தளத்தில் அது ஏற்கெனவே பாதித்திருக்கிறதா என்று வெளியிலிருந்து நிரூபிக்க வழியில்லை. எடுத்த பிறகு வருகை எண்ணிக்கை சரிந்து விழும், அதைப் பார்த்துப் பதற வேண்டாம். விழுவது உங்களுக்கு வேண்டாத எண்ணிக்கை. மார்க்கெட் நேரம், கடைக்கு வரும் வழி, வண்டி நிறுத்தும் இடம் பற்றி ஒரே ஒரு நேர்மையான பக்கம் வைத்துக்கொள்ளலாம், அது கடைக்கு வருகிறவர்களுக்கும் பயன்படும்.

இப்போது யாரை வரவழைக்க வேண்டும் என்று பார்ப்போம். உங்கள் ஆள் சும்மா பொழுதுபோக்குக்குத் தேடுகிறவர் இல்லை. இன்ஜின் நின்றுபோன அன்றைக்குத் தேடுவார், அல்லது படகைக் கரையேற்றிப் பெரிய வேலை எடுக்கும்போது தேடுவார். முதல் வகையை எடுத்துக்கொள்ளுங்கள். பைபர் படகின் பின்னால் வெளியே மாட்டும் அவுட்போர்டு இன்ஜின் ஓடும்போது பக்கவாட்டில் மெல்லிய தாரையாகத் தண்ணீர் பீச்சும். அது நின்றுவிட்டால், இன்ஜினைக் குளிர்விக்கும் தண்ணீர் சரியாகச் சுற்றவில்லையோ என்று சந்தேகம் வரும். அவர் செல்போனில் தேடுவது 'அவுட்போர்டு தண்ணி வரல' என்றோ 'இன்ஜின் ஹீட் ஆகுது' என்றோதான். கம்பெனி பெயரையோ பார்ட் நம்பரையோ அந்த நேரத்தில் யாரும் அடிப்பதில்லை. இப்படித் தேடும் ஒருவருக்கு உங்கள் தளத்தில் இன்று என்ன இருக்கிறது? 'வாடிக்கையாளர் திருப்தியே எங்கள் தாரக மந்திரம்' என்று தொடங்கும் ஒரு பத்தி. அதற்குக் கீழே கைகுலுக்கும் இரண்டு கோட்டு சூட்டுக்காரர்கள் படம்.

அந்தப் பக்கத்தை நான் எழுதினால் இப்படி எழுதுவேன். முதல் வரி: அவுட்போர்டில் தண்ணீர் பீச்சுவது நின்றால் உடனே இன்ஜினை நிறுத்துங்கள். அடுத்து: கீழே தண்ணீர் உறிஞ்சும் ஓட்டைகளில் பிளாஸ்டிக் கவரோ பாசியோ அடைத்திருக்கிறதா என்று பாருங்கள், பீச்சும் துளையில் மணலோ உப்போ கட்டியிருந்தால் மெல்லிய கம்பியால் குத்திவிட்டுப் பாருங்கள். அதற்கும் வராவிட்டால் வாட்டர் பம்பில் இருக்கும் ரப்பர் இம்பெல்லர் தேய்ந்தோ இதழ் உடைந்தோ இருக்கலாம், மணல் கலந்த தண்ணீரில் ஓட்டினால் சீக்கிரம் தேயும், கரையில் தண்ணீர் இல்லாமல் ஓட்டிப் பார்த்தால் கொஞ்ச நேரத்திலேயே கெட்டுவிடும். அதற்குக் கீழே, புது இம்பெல்லரும் தேய்ந்ததும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் ஒரு போட்டோ, உங்கள் கடைக் கல்லா மேசையில் வைத்து எடுத்தது. அப்புறம் எந்தெந்த மாடலுக்குக் கையிருப்பு இருக்கிறது, என்ன விலை, கடை எத்தனை மணிக்குத் திறக்கும், பழைய பார்ட்டைப் போட்டோ எடுத்து இந்த எண்ணுக்கு வாட்ஸ்அப் அனுப்பினால் பொருந்துமா என்று சொல்கிறோம் என்ற வரி. அவ்வளவுதான். இன்ஜின் விவரங்கள் மெக்கானிக்குகளிடம் கேட்டு எனக்குத் தெரிந்தவை, எழுதுமுன் அப்பாவிடம் காட்டித் திருத்திக்கொள்ளுங்கள். அவர் 'இது இல்லப்பா, முதல்ல இதைப் பார்க்கணும்' என்று திருத்தும் ஒவ்வொரு இடமும் வேறு எந்தத் தளத்திலும் இல்லாத தகவலாக இருக்கும். ஒருவர் நம் பக்கத்தில் நின்று படிப்பதற்கு இதைவிடப் பெரிய காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

'இலவசமாக வழி சொல்லிவிட்டால் கம்பியால் குத்திச் சரிசெய்துகொண்டு போய்விடுவாரே' என்று ஒரு கடைக்காரர் என்னிடம் கேட்டதுண்டு. போகட்டும். அடைப்பு எடுத்து ஓடியவர், இம்பெல்லர் போகும் அன்றைக்கு யாரைத் தேடுவார் என்பது வியாபாரம் செய்கிறவருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

பக்கத்துக்கு ஒரு விஷயம் என்று வையுங்கள். எல்லா உதிரிபாகத்தையும் ஒரே நீளப் பக்கத்தில் அடுக்கினால் தேடுகிறவருக்கும் புரியாது, கூகுளுக்கும் புரியாது. மக்கள் தமிழிலும் அடிப்பார்கள், ஆங்கில எழுத்தில் தமிழும் அடிப்பார்கள், குரலிலும் கேட்பார்கள். அதற்காக ஒரே பக்கத்தை மூன்று விதமாக எழுதத் தேவையில்லை. கல்லாவில் ஒரு நோட்டு வைத்து, வருகிறவர்கள் பொருளை என்ன பெயர் சொல்லிக் கேட்கிறார்கள் என்று ஒரு மாதம் குறித்துவாருங்கள். அந்தப் பெயர்கள் தலைப்பிலும் முதல் பத்தியிலும் இயல்பாக வந்தால் போதும். பக்கத்துக்குப் பின்னால், படிப்பவர் கண்ணுக்குத் தெரியாமல், ஏஜென்சி காசு வாங்கிச் சொற்களை நிரப்பும் மெட்டா கீவேர்டு என்ற இடத்தைக் கூகுள் தரவரிசைக்குப் பயன்படுத்துவதே இல்லை, 2009-லேயே வெளிப்படையாகச் சொல்லிவிட்டார்கள். அதற்குக் காசு கேட்டால் கொடுக்க வேண்டாம்.

பக்கம் எவ்வளவு வேகமாகத் திறக்கிறது என்பதை மட்டும் அலட்சியம் செய்யாதீர்கள். உங்கள் ஆள் படகுத்துறையில் வெயிலில் நின்றுகொண்டு, ஈரக் கையோடு, சாதாரண ஆண்ட்ராய்டு போனில் பார்க்கிறவர். சிக்னல் எப்படி இருக்கும் என்பது உங்களுக்கே தெரியும். பக்கத்தின் முக்கியமான பகுதி 2.5 நொடிக்குள் தெரிய வேண்டும் என்பது கூகுள் வைத்திருக்கும் அளவு. பேஜ்ஸ்பீட் இன்சைட்ஸ் என்ற இலவசக் கருவியில் முகவரியைப் போட்டால் உங்கள் பக்கம் எவ்வளவு எடுக்கிறது என்று சொல்லும். சின்னக் கடைகளின் தளங்களில் நான் பார்த்த வரையில் பெரும்பாலும் காரணம் ஒன்றுதான்: செல்போனில் எடுத்த போட்டோவை அப்படியே ஏற்றியிருப்பார்கள், ஒவ்வொன்றும் நான்கைந்து எம்பி. அளவைக் குறைத்து வெப்பி (WebP) என்ற எடை குறைந்த பட வடிவத்தில் ஏற்றினால் கணிசமாக மாறும். முகப்பில் தானாக நகரும் பேனர் படங்களையும் எடுத்துவிடுங்கள். வருகிறவரை 'நிறுத்திவைக்க' என்று ஏஜென்சி போட்ட பாப்அப் முதல் வேலையாகப் போக வேண்டும். செல்போனில் உள்ளடக்கத்தை மறைக்கும் பாப்அப்புகளைப் பாதகமாகக் கணக்கெடுப்பதாகக் கூகுள் 2017 ஜனவரியிலிருந்தே சொல்கிறது. அதுகூட இரண்டாம்பட்சம். இன்ஜின் நின்று தவிக்கிறவர் முகத்துக்கு நேரே 'எங்கள் செய்திமடலில் சேருங்கள்' என்று நீட்டுவது மரியாதை இல்லை.

உள்ளூர்க்காரருக்கும் வெளியூர்க்காரருக்கும் வழி வேறு வேறு. ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர்க் குப்பங்களில் இருப்பவர் தேடினால் பெரும்பாலும் மேப்பில்தான் கடைகளைப் பார்ப்பார். அங்கே பொருத்தம், தூரம், கடை எவ்வளவு பிரபலம் என்பது ஆகிய மூன்றையும் வைத்து வரிசைப்படுத்துவதாகக் கூகுளே விளக்கியிருக்கிறது. அதற்கு மேப்பில் கடையின் விவரங்களைக் காட்டும் கூகுள் பிசினஸ் ப்ரொஃபைலில் சரியான வகையைத் தேர்ந்தெடுத்து, உண்மையான திறப்பு நேரத்தையும் கடையின் முகப்பு போட்டோவையும் போட வேண்டும். பொருள் வாங்கி வேலை முடிந்தவரிடம் 'அண்ணே, ரெண்டு வரி எழுதுங்க' என்று கேட்டு விமர்சனம் வாங்குங்கள். காசு கொடுத்து வாங்காதீர்கள், விதிக்கும் விரோதம், பிடிபட்டால் மொத்தமும் போகும். கடலூரிலோ நாகப்பட்டினத்திலோ இருப்பவருக்கு மேப்பில் உங்கள் கடை பெரும்பாலும் வராது, தூரம் தடுத்துவிடும். அவரைப் பிடிப்பது மேலே சொன்ன பக்கங்கள்தான். பார்சலில் அனுப்புவீர்களா, எத்தனை நாளாகும், பொருந்தாவிட்டால் திரும்ப எடுப்பீர்களா என்ற மூன்றும் ஒவ்வொரு பக்கத்திலும் கண்ணில் படும்படி இருக்கட்டும்.

உங்கள் தொழிலில் ஒரு நல்ல வசதி, தேவை எப்போது ஏறும் என்று முன்கூட்டியே தெரியும். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. படகைக் கரையேற்றி, பெயின்ட் அடித்து, இன்ஜினைப் பிரித்து வேலை பார்ப்பது அந்த நாட்களில்தான். ஓவர்ஹாலுக்கு வேண்டிய சாமான்கள் பற்றிய பக்கங்களை ஏப்ரலில் எழுதினால் காலம் கடந்துவிடும். புதிய பக்கம் தேடலில் நிலைகொள்ளச் சில வாரமும் ஆகலாம், சில மாதமும் ஆகலாம், யாராலும் நாள் குறிக்க முடியாது. ஜனவரியிலேயே போட்டுவிடுவது நல்லது. மேற்குக் கரையில் தடை ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. குளச்சல் பக்கத்துப் படகுகளுக்கு வேலை நடப்பது அப்போது. பார்சலில் அனுப்ப முடிந்தால் உங்களுக்கு இரண்டாவது சீசனே இருக்கிறது. மாதத்துக்கு மாதம் ஒப்பிட்டு 'இந்த மாதம் குறைந்துவிட்டது' என்று கவலைப்படுவதும் இந்தத் தொழிலுக்குப் பொருந்தாது. போன வருடத்தின் அதே மாதத்தோடு ஒப்பிட வேண்டும்.

ஏஐ வந்த பிறகு இதெல்லாம் வேலை செய்யுமா என்றும் கேட்டிருந்தீர்கள். 2024 ஆகஸ்டிலிருந்து இந்தியாவிலும் கூகுள் சில கேள்விகளுக்குத் தேடல் பக்கத்தின் மேலேயே சுருக்கமான விடை தருகிறது. 'மார்க்கெட் எத்தனை மணிக்கு' மாதிரிக் கேள்விகளுக்கு இனி யாரும் தளத்துக்குள் வர வேண்டிய தேவை குறையும் என்றே நினைக்கிறேன், இது என் கணிப்புதான். இந்த மாடலுக்கு இந்த இம்பெல்லர் பொருந்துமா, இன்றைக்குக் கையிருப்பு இருக்கிறதா என்பதற்குக் கடையைத்தான் கேட்டாக வேண்டும்.

ஏஜென்சியை மாற்றுவதா வேண்டாமா என்பது உங்கள் முடிவு. ஆனால் அதற்கு முன்னால் டொமைன் (தளத்தின் பெயர்), ஹோஸ்டிங் (தளத்தை வைத்திருக்கும் இடம்), சர்ச் கன்சோல், பிசினஸ் ப்ரொஃபைல் நான்கும் உங்கள் மின்னஞ்சலில் உரிமையாளர் அனுமதியோடு இருக்கிறதா என்று சரிபாருங்கள். இல்லாவிட்டால் உறவு நன்றாக இருக்கும்போதே கேட்டு வாங்கிவிடுங்கள். சர்ச் கன்சோல் 16 மாதத் தகவலைத்தான் வைத்திருக்கும், பழையது ஒவ்வொரு நாளும் போய்க்கொண்டே இருக்கும். மீன் விலைப் பக்கங்களை எடுப்பதற்கு முன்பே, போன வருடத் தடைக்காலத்தில் வந்த சொற்களை மட்டும் தேதி வைத்துப் பிரித்து ஒரு கோப்பாக இறக்கி வையுங்கள். அந்தக் கோப்பில் இன்ஜின் சம்பந்தப்பட்ட முதல் இருபது சொற்களை இங்கேயே போட்டால், எந்தப் பக்கத்தை முதலில் எழுதலாம் என்று நானும் பார்த்துச் சொல்கிறேன்.